வெறும் கதிரைக்குப் பின்னால் நடந்தவள்

தம்பி,

பொலிஸ் பயிற்சியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உங்களுக்குப் போன் தருகிறார்கள். "சாப்பிட்டியாம்மா?" என்று நீ கேட்பாய். "சாப்பிட்டேன், நீ?" என்பேன். உனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற பிள்ளைகளின் சத்தம் கேட்கும். நீ வைத்துவிடுவாய். நான் சொல்ல நினைத்தது எல்லாம் வாயிலேயே நின்றுவிடும். போன ஞாயிறு மட்டும் நீ ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாய். "இந்த வாரம் கூட்டத்தக் கலைக்கிறது எப்பிடின்னு பழக்குறாங்கம்மா. கேடயம், பொல்லு எல்லாம் குடுத்திருக்காங்க" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ. அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். பக்கத்து வீட்டுச் செல்வியக்காவிடம் சொன்னபோது, "எழுதுறதுன்னா எல்லாருக்கும் சேர்த்து எழுதுடி. ஒம் மகன் மட்டுமா பொலிசுக்குப் போயிருக்கான்?" என்றாள். ஆகவே இதை உன்னோடு இருக்கிற பிள்ளைகள் படித்தாலும் எனக்கு வெட்கம் இல்லை.

வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். விடியற்காலையில் விளக்குமாற்றோடு டவுனுக்குப் போய்க் கூட்டிவிட்டு, வெயில் ஏறுகிற நேரம் மஹய்யாவை மேட்டுக்கு ஏறி வருகிறேன். கதவைத் திறந்தால் நான் வைத்துவிட்டுப் போன கோப்பை, வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டு ஆம்பிளைகள் இருந்த வீட்டில் அப்படி ஒன்றும் அதனதன் இடத்தில் இருந்ததே கிடையாது. அரிசி அளக்கும்போது கை இன்னும் பழைய அளவுக்கே போகிறது. மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் நான்தான் சாப்பிடுகிறேன். நம் படிக்கட்டில் ஒரு கல் ஆடிக்கொண்டே இருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? யார் ஏறினாலும் அது ஒரு தட்டுத் தட்டும். அப்பா ஏறினால் ஒரு மாதிரி, நீ தாவி ஏறினால் ஒரு மாதிரி. அடுப்படியில் இருந்தே ஆளைச் சொல்லிவிடுவேன். இப்போது படி எல்லாம் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஒரு கல்லும் ஆடுவதில்லை. நல்லதுதான். ஆனால் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிவதில்லை.

அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். நீயும் நானும் அதைப் பேசவே இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த பின்னேரம் நீ வேலைக்குப் போயிருந்தாய். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நம் லயத்து வரிசை வீடுகளுக்கு வாகனம் வராது, ஆஸ்பத்திரி வண்டி கீழே மெயின் ரோட்டில்தான் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். நம் ஆட்கள் வழக்கம்போல வீட்டுக் கைக்கதிரையை எடுத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, அப்பாவை உட்காரவைத்து, இடுப்பைக் கயிற்றால் சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். இந்த லயத்தில் எத்தனை பிள்ளைத்தாய்ச்சிகள், எத்தனை கிழடுகள் அப்படி இறங்கியிருக்கிறார்கள். அப்பாவே எத்தனை பேருக்குத் தோள் கொடுத்தவர். கதிரையில் உட்கார்ந்துகொண்டு முன்னால் தூக்கின சின்னராசு மாமாவைப் பார்த்து, "மெதுவா போடா, நான் என்ன அரிசி மூட்டையா?" என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசினது. பாதிப் படிக்குக் கீழே, முந்தின மழைக்கே சுவர் சரிந்து படி இல்லாமல் கிடந்தது. தனியாள் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு தாவலாம். கதிரையோடு தாவ முடியாது. சறுக்கினார்கள், பயந்து திரும்பினார்கள். மேலே ஏறி, சுடுகாட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையால் சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டிக்காரர் கீழே ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பாவின் தலை சாய்ந்திருந்தது. மழைக்குத் தலையைச் சாய்த்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அப்பாவைக் கொண்டுபோனீர்கள். லயத்தில் இருந்து ரோடு வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினார்கள். நீ கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனாய். நம் பொம்பிளைகள் சுடுகாட்டுக்குப் போவது இல்லை, தெரு முனையோடு நின்றுவிட வேண்டும். நானும் நின்றேன். செல்வியக்கா என்னைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். பறை சத்தம் வளைவில் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இல்லாமல் போனது. அவரோடு இத்தனை வருஷம் எங்கெங்கோ நடந்த எனக்கு, அந்தக் கொஞ்சத் தூரம் மட்டும் நடக்கக் கிடைக்கவில்லை. நீ நடந்தாய். உனக்கு அது முடிந்துவிட்டது. எனக்கு அந்த முனையில் காலே ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது.

பிறகு நான் படியைக் கட்டித் தரச் சொல்லி அரசாங்கக் கந்தோர்களுக்குப் போனேன். அது உனக்கும் தெரியும், இரண்டு தடவை நீயே கூட வந்தாய். நான் வேலை பார்க்கிற கந்தோரில் படிக்கட்டு வேறு கந்தோருக்குச் சொந்தம் என்றார்கள். அங்கே போனால் சுவருக்குத்தான் அவர்கள் பொறுப்பு, படிக்கு இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் ஒரு தொரை, நல்ல மனுஷன்தான், என்னைக் கதிரையில் உட்காரச் சொன்னார். "ஒங்க வீட்டுப் பிரச்சினை வெளங்குது அம்மா, பார்ப்போம்" என்றார். என் வீட்டுப் பிரச்சினையாம். எனக்கு முன்னால் சின்னராசு மாமா போனபோதும் அதையே சொன்னார்களாம். செல்வியக்கா மகளின் பிரசவத்துக்குப் பிறகு அவள் போனபோதும் அதையே சொன்னார்களாம். தனித்தனியாகப் போய்க் கேட்டபடியால் எல்லாருக்கும் அது தனித்தனி வீட்டுப் பிரச்சினையாகவே போய்விட்டது.

குழாயடியில் ஒருநாள் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் செல்வியக்கா, "எல்லாரும் ஒண்ணாப் போனா என்னாடி செய்வாங்க?" என்றாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். ஏன் என்று உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கலவரத்தில், தமிழ் வீடுகளைத் தேடி ஒரு கூட்டம் எங்கள் பக்கம் வந்தது. என் அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, இருமல் சத்தம் வெளியே போகக் கூடாது என்று தன் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டாள். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வீடு தள்ளி ஆனது. அன்றிலிருந்து கூட்டம் என்றால் எனக்கு அது ஒன்றுதான், நம்மை அடிக்க வருவது. நாமே ஒரு கூட்டமாக நிற்கலாம், யாரையும் அடிக்காமல் வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சமையல் கேசும் பெற்றோலும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருஷம், நீ கூட்டாளிகளோடு வாவிக்கரைப் போராட்டத்துக்குப் போய் மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அன்றைக்கும் நான் பயந்துபோய் அப்பாவைத்தான் அனுப்பினேன். உன்னை இழுத்து வரப் போனவர் உன் பக்கத்திலேயே நின்றுவிட்டு வந்தார். "அடியே, வெசாக் தன்சல் மாதிரி எல்லாருக்கும் சும்மாவே சாப்பாடு குடுக்குறாங்க. ஒரு சிங்களப் பொம்பள எனக்குத் தண்ணிப் போத்தல் குடுத்து, களைச்சுப் போயிட்டீங்கன்னு விசிறி விடுறா. நான் யாரு, அவ யாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துதான் நான் குழாயடியில், "சரி அக்கா, போவோம்" என்றேன்.

யாருக்கும் ஊர்வலம் போகத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஊர்வலம்தான், சாவு ஊர்வலம். அதில் எப்படி நடப்பது, யார் முன்னால் போவது, எப்படி ரோட்டுக்கு வழி விடுவது என்பதெல்லாம் நம் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அதனால் அதையே செய்தோம். "போர்டு எழுத யாருக்குத் தெரியும்? கொடி இருக்கே" என்று செல்வியக்கா அப்பாவுக்குக் கட்டின வெள்ளைக் கொடிகளை அவிழ்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். சாவு வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைத் துணிதான் எல்லார் வீட்டிலும் நல்லதாக இருந்தது. முன்னால் என்ன கொண்டுபோவது என்று பேசினபோது நான்தான் கதிரையைச் சொன்னேன். அப்பா உட்கார்ந்த கதிரை, மூங்கிலோடு, இடுப்பில் கட்டின கயிற்றோடு. யாரையாவது அதில் உட்காரவைக்கலாம் என்றார் சின்னராசு மாமா. யார் உட்காருவது? வெறும் கதிரையாகவே இருக்கட்டும் என்றேன். பொம்பிளைகள் நாங்களே தூக்குவது என்று முடிவானது. "அப்ப நாங்க எதுக்கு?" என்று மாமா கேட்க, செல்வியக்கா, "நீங்க கடைசில வாங்க. ஒங்க மூஞ்சியப் பார்த்தா சமாதானத்துக்கு வர்ற மாதிரியா இருக்கு? குடிச்சவன் எவனும் வரக் கூடாது, வீட்டுல இருந்து கோழியப் பார்த்துக்கட்டும். கல்லத் தொட்டவன் கைய நானே ஒடைப்பேன்" என்றாள். சாவு வீட்டில் குடிகாரர்களை அடக்குகிற அதே குரல்.

ஊர்வலத்தன்று காலையில்தான் உனக்கும் எனக்கும் சண்டை வந்தது. நீ பொலிசுக்கு எழுதிப் போட்டு, விசாரணைக்கு ஆள் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம். "அம்மா, நீ போகாத. ஸ்டேஷன்ல இருந்து வந்து கேட்டா என்னா சொல்லுவாங்க? இவங்கம்மா ரோட்டுல எறங்குனவன்னு எழுதினா எல்லாம் போச்சு" என்றாய். வாசலில் நின்ற செல்வியக்கா, "பொலிசு ஆகுறதுக்கு முந்தியே பெத்தவளப் பிடிக்கிறியாடா?" என்று கேலி பண்ணினாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். உன் முகம் சிவந்துவிட்டது. "அப்பா போயிட்டாரு. நீ நடந்தா திரும்பி வருவாரா?" என்று கேட்டுவிட்டு, கலஹாவுக்கு, பெரியம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். நீ கேட்டதில் தப்பு இல்லை. அந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். நம் லயத்தில் இருந்து விளக்குமாறு பிடிக்காமல் ஒரு பிள்ளை போகிறான் என்று அப்பாவும் ஆசைப்பட்டார். உன் எதிர்காலத்தை மிதித்துக்கொண்டுதான் நடக்கப்போகிறேனோ என்று அந்த முனை வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் போனேன். அப்பாவைக் கொண்டுபோனபோது நான் நின்ற அதே முனை. அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒருவரும் என்னைத் தள்ளவில்லை. கதிரைக் கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு அடி வைத்தேன்.

ரோட்டின் நடுவில் நடந்தது அன்றுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக அந்த ரோட்டின் ஓரம் எல்லாம் எனக்குத் தெரியும், எங்கே குப்பை சேரும், எங்கே தண்ணீர் தேங்கும் என்று. நடுவில் நின்று பார்த்தால் அது வேறு ரோடு, அகலமாக இருக்கிறது. நாங்கள் சத்தம் போடவில்லை. என்ன சொல்லிக் கத்துவது என்றும் தெரியாது. டவுன் கிட்ட வர வர ஒரு விஷயம் நடந்தது, தம்பி. எதிரே வந்த பஸ் ஓரமாக நின்றது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு கத்துகிற கொண்டக்டர் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இறங்கி நின்றான். கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். ஒரு சிங்களக் கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். துணிக்கடை முஸ்லிம் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து கையைக் கட்டி நின்றார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு மரியாதை நமக்கா என்று செல்வியக்கா வாயைப் பிளந்தாள். சந்தியில் நின்ற சார்ஜன்ட் விசில் அடித்து இரண்டு பக்க வாகனத்தையும் நிறுத்திவிட்டு, தன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக் கொடியையும் வெள்ளைத் துணியையும் பார்த்து, ஏதோ பெரிய சாவு போகிறது என்று டவுனே எழுந்து நின்றிருக்கிறது.

கதிரை அவருக்கு முன்னால் வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார், பின்னால் பார்த்தார். பெட்டி இல்லை. என்னிடம் குனிந்து, "அம்மே, கவுத மெருணே?" என்று கேட்டார். அம்மா, யார் செத்தது என்று. என் புருஷன் என்றேன், எனக்குத் தெரிந்த சிங்களத்தில். பெட்டி எங்கே என்றார். போன மாதமே எரித்தாயிற்று என்றேன். அவர் முகம் மாறியது. கடை வாசலில் நின்ற நானாவுக்கு அது கேட்டுவிட்டது. "என்ன புள்ள இது? மையத்து இல்லாம ஜனாஸாவா? நான் கடையச் சாத்திட்டு நிக்கிறன், ஆள ஏமாத்துறீங்களா?" என்று கோபமாகக் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்களும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். சார்ஜன்டுக்குப் பின்னால் நின்ற சின்ன வயசுப் பொலிஸ்காரர்கள், உன் வயசுதான் இருக்கும், பொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு கிட்ட வந்தார்கள். ஊர்வலம் என்றால் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அறிவித்தீர்களா என்று சார்ஜன்ட் கேட்டார். செல்வியக்கா, "சேர், சாவுக்கு யாரு அறிவிச்சிட்டுப் போவா?" என்றாள். அவள் திமிராகச் சொல்லவில்லை. எங்களுக்கு உண்மையாகவே தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஊர்வலத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லாம் அந்த இடத்தில்தான் நின்றது. அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் பொல்லு இறங்கியிருக்கும். இறங்கினால் பின்னால் நின்ற சின்னராசு மாமாவைச் செல்வியக்காவாலும் அடக்கியிருக்க முடியாது. ஒரு கணம் நான் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த பிள்ளையாகிவிட்டேன். எனக்கு வேறு வழி தெரியாமல் கதிரையை ரோட்டில் இறக்கச் சொன்னேன். இறக்கினோம். அந்தக் கயிற்றை எடுத்துக் காட்டி, பாதி சிங்களம் பாதி தமிழில் சொன்னேன். இதில்தான் அவர் இருந்தார், இதால்தான் கட்டினோம், படி இடிந்து கிடந்ததால் சுற்றிக்கொண்டு போனோம், கீழே வண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது, நாங்கள் வரும்போது இவர் உயிரோடு இல்லை. யாரையும் ஏமாற்ற வரவில்லை சேர். அடுத்ததாக இதில் யார் உட்காரப் போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அந்த ஆளுக்காகத்தான் நடக்கிறோம் என்றேன். அவ்வளவுதான் எனக்குப் பேச வந்தது. அவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கீழே காட்டினார். பொல்லு இறங்கியது, இடுப்புக்கு. எங்களிடம் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், ஒரு பக்கமாக நடங்கள், பஸ்ஸுக்கு வழி விடுங்கள், கந்தோர் வாசலில் உட்காருங்கள், உள்ளே தள்ளிக்கொண்டு போகாதீர்கள், அடுத்த தடவை ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று. நாங்கள் கதிரையைத் தூக்கினோம். கடைசி ஆள் தாண்டும் வரைக்கும் அவர் தொப்பியைப் போடவில்லை. பிணம் இல்லை என்று தெரிந்த பிறகும் போடவில்லை.

நான் அன்று கந்தோர் வரைக்கும் நடந்தேன். அப்பாவோடு எனக்கு நடக்கக் கிடைக்காத தூரத்தைத்தான் நடந்தேன் என்று எனக்குத் தோன்றியது. நீ கேட்டாயே, நடந்தால் அவர் திரும்பி வருவாரா என்று. வரவில்லை. ஆனால் அந்த முனையில் ஒட்டிக்கொண்டிருந்த என் கால் கழன்றது.

கந்தோர் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். என்னை உட்காரச் சொன்ன அதே தொரை இறங்கி வந்தார். கதிரையைப் பார்த்தார், எங்கள் எல்லாரையும் பார்த்தார். "இவ்வளவு வீடா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நாங்கள் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் தனியாகப் போனபோது அவர் கண்ணுக்கு ஒரு விதவை தெரிந்தாள். சேர்ந்து போனபோது ஒரு தெரு தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, மேலே இருக்கிறவர்களுக்குக் கீழே எங்கே இடிந்து கிடக்கிறது என்று நாங்கள் போய்க் காட்டாமல் எப்படித் தெரியும்? திரும்பி வரும்போது துணிக்கடை நானா ஷட்டரை முழுதாகத் திறந்து வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் பெரிய போத்தலில் தண்ணீரும் கோப்பைகளும் கொண்டுவந்து வைத்தார். "கோவிக்காதீங்க புள்ள. எங்கட ஒழுங்கையிலயும் கான் ஒடைஞ்சு ஊத்தத் தண்ணி ரோட்டுல ஓடுது, எவன்கிட்ட சொல்றதெண்டு தெரியாம இருந்தன்" என்றார்.

ஒரு நடையில் எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அளக்க வந்தார்கள், போனார்கள், மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போனோம், இந்த முறை ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு. படி கட்டினார்கள். ஒரு பக்கம் இரும்புக் கைபிடியும் வைத்தார்கள். லயத்துக் கூரை அப்படியேதான் ஒழுகுகிறது. ஆனால் நானாவின் ஒழுங்கைக்காரர்கள் பிறகு போனார்கள், பிள்ளைகளின் கான் தண்ணீரில் நனைந்த பள்ளிக்கூடச் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் இல்லாமல். போவதற்கு முதல் நாள் என்னிடம் வந்து, "புள்ள, அந்தக் கதிரைய ஒரு நாளைக்குத் தருவீங்களா?" என்று கேட்டார். செல்வியக்கா, "வாடகைக்கு விட்டாப் பொழைச்சிக்கலாம்டி" என்றாள். நான் கொடுக்கவில்லை. அவரவர் வலிக்கு அவரவர் ஒரு பொருளைத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன். நாடு நல்லாவது என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, தம்பி. கொஞ்சப் பேர் நடக்கிறார்கள், யாரையும் அடிக்காமல். அதைப் பார்த்து இன்னொரு தெருக்காரர்களுக்குப் பயம் விட்டுப்போகிறது. ஒரு படி, ஒரு கான், ஒரு பள்ளிக்கூடக் கூரை என்று ஒவ்வொன்றாக நிமிர்கிறது. கூட்டத்தை அடித்து விரட்டினால் சத்தம்தான் நிற்கும். இடிந்த படி இடிந்தபடியே கிடக்கும். அப்புறம் அந்த வழியால் யாராவது ஒருவர் கதிரையில் சுற்றிக்கொண்டு போவார்.

உன் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. விசாரிக்க வந்தவர் என்னிடம் தேத்தண்ணி குடித்துவிட்டு, படி எப்போது கட்டுவார்களாம் என்று கேட்டுவிட்டுப் போனார். வேலைக் கடிதம் வந்த அன்று நீ என் காலில் விழுந்தாய். ஊர்வலத்தைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதல் லீவுக்கு நீ வந்தபோது சாதாரணச் சட்டையில் வந்தாய். சீருடை பையின் அடியில் மடித்துக் கிடந்தது. நான் தோய்க்க எடுத்தபோது, "உள்ள காயப்போடும்மா, யாரும் பார்க்க வேணாம்" என்றாய். லயத்துப் பிள்ளைகள் கேலி பண்ணுவார்கள் என்று வெட்கமா, அல்லது அந்தத் துணியோடு இந்தப் பொம்பிளைகளின் முகத்தைப் பார்க்க உனக்குக் கஷ்டமா, எனக்குத் தெரியவில்லை. அடுப்படியில் துணிக்கொடி கட்டிக் காயப்போட்டேன். இரண்டு நாளும் அது அங்கே ஆள் நிற்பது போல நின்றது. நீ போன பிறகு அந்த இடமும் காலியாகிவிட்டது.

இனி உன்னை எங்கேயாவது போடுவார்கள். ஒருநாள் ஒரு ரோட்டில் கேடயத்தோடு உன்னை நிறுத்துவார்கள். எதிரே சனம் வரும். அவர்கள் தமிழோ, சிங்களமோ, சோனகரோ, படிக்கிற பிள்ளைகளோ, தோட்டத்துச் சனமோ, எனக்குத் தெரியாது. மேலே இருப்பவர் சொன்னதைக் கேட்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கஷ்டம் எனக்கு விளங்கும், நானும் ஒருவரின் கீழே வேலை செய்கிறவள்தான். கல்லோடு வருகிறவனைத் தடுக்க வேண்டியதும் உன் வேலைதான், அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கை பொல்லுக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று பார். அந்தச் சார்ஜன்ட் என்னைக் கேட்டதை நீயும் கேள். "அம்மே, கவுத மெருணே?" எந்தப் பாஷையிலும் கேள். ரோட்டுக்கு வருகிற சனத்தில் முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒன்றைப் பறிகொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். பறிகொடுக்காதவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள், நான் அத்தனை வருஷமாக இருந்ததுபோல. பதில் சொல்ல அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடு. என் மாதிரிப் பாதிப் பாஷையில் சொன்னாலும் நின்று கேள்.

அப்பாவின் கதிரையில் கட்டியிருந்த மூங்கிலை அவிழ்த்துவிட்டேன். கயிற்றையும் எடுத்துவிட்டேன். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். நான் அதில் உட்காருவதில்லை. செல்வியக்கா வந்தாலும் தரையில்தான் உட்காருகிறாள். அடுத்த லீவுக்கு நீ வரும்போது பையில் மடித்துக் கொண்டுவராதே. சீருடையைப் போட்டுக்கொண்டு, அந்தப் புதுப் படியால் ஏறி வா. முன்பெல்லாம் பூட்ஸ் சத்தம் கேட்டால் இந்த லயத்தில் கதவைச் சாத்துவார்கள். இந்தத் தடவை யாரும் சாத்த மாட்டார்கள், நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அந்தப் படியில் ஒரு கல்லும் ஆடுவதில்லை என்றேனே, பூட்ஸ் போட்டு ஏறினால் எனக்குக் கேட்கும். அடுப்படியில் இருந்தே நீ என்று சொல்லிவிடுவேன். வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அப்பாவின் கதிரையில் உட்கார். நான் தேத்தண்ணி ஊற்றுகிறேன்.

அம்மா